பல்லக்கில் ஆட்டுக்கல்

அக்டோபர் 9, வியாழன்

இன்று ஜீப் வரவில்லை. இனிமேல் வராது. நெல்லிமேட்டில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

காலையில் சிக்னல் பாறை மேல் ஏறி, டிரஸ்ட் ஆபீசில் இருக்கிற பிரபாகர் சாருக்குப் போன் செய்தேன். இந்த ஊரில் போன் பேச அந்தப் பாறையை விட்டால் வேறு இடம் கிடையாது. கடலோரத்தில் பிறந்து மேட்டையே பார்க்காமல் வளர்ந்த எனக்குப் பாறை ஏறும்போதே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரைச் சார் எடுத்தார். டிரஸ்டுக்கு உதவி செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம். ஜீப் நிறுத்தம். டிரைவர் நசீர் பாயை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு மருந்தும் சம்பளமும் உண்டாம்.

"பணம் குடுக்கப் புது டோனர் வர்ற வரைக்கும் ஊர்ல வாயத் திறக்காதீங்க சிஸ்டர். ஜீப் இல்லன்னு தெரிஞ்சா செக்கப்புக்கே வர மாட்டாங்க" என்றார்.

அது என்னவோ உண்மை. நான் இந்த மலைக்கு நர்ஸாக வந்த புதிதில் ஒரு கர்ப்பிணிகூட என் அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வெளிச்சுவரில் ஒரு ஜீப் படத்தை வரைந்து, "பிரசவத்துக்கு ஜீப் நிச்சயம்" என்று எழுதிய பிறகுதான் வந்தார்கள்.

வியாழக்கிழமை என்பதால் வெள்ளச்சி செக்கப்புக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம், எட்டாவது மாதம். கால் லேசாக வீங்கியிருக்கிறது. பிரஷர் எல்லையில் நிற்கிறது. அவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை.

"சிஸ்டரம்மா, கீழ போறப்ப என்னைய முன்சீட்டுலதான ஒக்கார வைப்ப?" என்று கேட்டாள். இங்கே எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். பூசாரி சடையன் மட்டும் எனக்கு மரியாதை கொடுப்பார்.

"வைக்கிறேன்" என்றேன்.

"ஜீப்பு எங்க இன்னிக்கி?"

"ரிப்பேர்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது!

அக்டோபர் 11

மழை. நாள் முழுக்க மழை. கூரை ஒழுகும் இடத்தில் பேசின் வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

விடிந்தும் விடியாததுமாக வெளியே ஒரே சத்தம். எழுந்து பார்த்தால் சடையனும் மூன்று ஆம்பளைகளும் சாமிப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குகிறார்கள். பல்லக்கில் சாமி இல்லை. வெள்ளச்சியின் மாமியார் குப்பாயி வீட்டு ஆட்டுக்கல் உட்கார்ந்திருக்கிறது!

திருவிழா வைகாசியில்தான். இப்போது என்ன அவசரம்? சடையன் திரும்பி ஏறி வரும்போது கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, ஆட்டுக்கல்லுக்குத் திருவிழாவா?"

நான் அண்ணாச்சி என்றாலே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்று யாரும் சிரிக்கவில்லை.

"தோளு மரத்துப் போச்சுங்க சிஸ்டரு. சும்மா பழகிக்கிறோம்" என்றார் சடையன்.

இந்தப் பல்லக்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தூக்கிவிட்டால் போய்ச் சேர வேண்டிய இடம் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. தோள் மாற்றலாம், கீழே மட்டும் இறக்கக் கூடாது. ஆட்டுக்கல்லுக்கும் அதே மரியாதைதான் போலிருக்கிறது. வழுக்குப் பாறையில் ஒருவன் கால் இடறி முழங்காலில் விழுந்தான். தோளில் இருந்த கொம்பை மட்டும் விடவில்லை.

வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு போய் ஊசிகளை வேக வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

வெள்ளச்சியின் பிரஷர் ஏறியிருக்கிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. மாத்திரை ஆரம்பித்தேன். முகம்கூட லேசாக ஊதினாற்போல் இருக்கிறது. படித்த காலத்தில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது அது என் எதிரே உட்கார்ந்து பனங்கிழங்கு எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இங்கே வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் மாமியார் குப்பாயி கூடவே வந்திருந்தாள். கேட்டாள்.

"ஜீப்பு வருமா சிஸ்டரம்மா?"

"வரும்."

குப்பாயி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மூலையில் கட்டி வைத்திருந்த என் துணிப்பையைப் பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து வள்ளிக்கிழங்கை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

துணிப்பை ஈரம் படாமல் இருக்கத்தான் கட்டி வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

பாறையில் அண்ணன் போன் வந்தது. "எம்மா ஜெசிந்தா, நம்மூரு பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரில கேட்டு வச்சிருக்கேன். ஒண்ணாந் தேதி சேரணும். வந்துருவல்லா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 18

பிரபாகர் சாரிடம் வெள்ளச்சியைப் பற்றிச் சொன்னேன். எப்படியாவது ஒரு வண்டி, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். அது தார் ரோடு வரைதான் வரும், அதற்கு மேல் நசீர் பாயின் ஜீப்பைத் தவிர எந்த வண்டியும் ஏறியதில்லை என்று அவருக்கே தெரியும். "மேனேஜ் பண்ணுங்க சிஸ்டர்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புது டோனருக்கு அனுப்ப வேண்டுமாம், கர்ப்பிணிகள் சிரித்த முகமாக நிற்கிற போட்டோ நாலு எடுத்து அனுப்பச் சொன்னார்.

வெள்ளச்சியை இப்போதே மெல்ல நடத்திக் கூட்டிப் போகலாமா? ஜீப் வரும்போது ஏன் நடக்க வேண்டும் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டி வரும். சொன்னால் என்னை நம்புவார்களா? குப்பாயி கதவைச் சாத்திக்கொண்டு மருமகளுக்கு வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிட்டால்?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 19

சொல்லவில்லை. மழை.

அக்டோபர் 21, செவ்வாய்

மண் சரிந்து ஜீப் பாதை இரண்டு இடத்தில் காணாமல் போய்விட்டது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. இனி ஜீப் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள், மழையின் தலையில் போட்டுவிடலாம். அதை நினைத்த மறு நிமிடமே எனக்கு என் மீதே அருவருப்பு வந்தது.

இனி நடத்திக் கூட்டிப் போகவும் வழியில்லை. ஒற்றையடிப் பாதை முழுக்கச் சேறு. நான் தனியாக இறங்கினாலே உருண்டு போவேன். நிறைமாதக்காரியை எப்படி?

அக்டோபர் 22

கொட்டுகிற மழையிலும் பல்லக்குப் பழக்கம் நிற்கவில்லை. இன்று ஆட்டுக்கல் இல்லை, சாமை மூட்டை. மூட்டையை நீட்டமாகப் படுக்க வைத்து மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மூட்டைக்குக் குளிருமாம்!

சாயங்காலம் சடையன் அறைக்கு வந்தார். தோள் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தது. களிம்பு தடவிவிட்டேன்.

"சிஸ்டரு, வயித்துப் புள்ளக்காரி மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுமாங்க?"

"முட்டும். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கணும். உங்க மக மாசமா இருக்காளா?"

"இல்லீங்க. சும்மாதான் கேட்டன்."

இந்த மனுஷருக்கு எல்லாமே சும்மாதான். எனக்கு இருக்கிற பயத்தில் அவர் விசாரணைக்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி. காலை

வெள்ளச்சிக்குத் தலைவலி. கண்ணுக்குள் மின்மினி பறக்கிறதாம். ஓடுகிறேன். மாதாவே, கூட வா.

அக்டோபர் 25, சனி. கீழே, ஆஸ்பத்திரி வராந்தா

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று நான் போனபோது வெள்ளச்சி சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரஷர் பார்த்தேன். கருவி பொய் சொல்கிறது என்று நினைத்து மறுபடி பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. வலிப்பைத் தடுக்கிற ஊசியை இடுப்பின் இரண்டு பக்கமும் போட வேண்டும். என்னிடம் ஒரு பக்கத்துக்குத்தான் மருந்து இருந்தது. மீதி போன மாதமே ஜீப்பில் வந்திருக்க வேண்டியது. இருந்ததைப் போட்டேன்.

அவள் புருஷன் தருமன் வாசலில் நின்றான். இனிமேல் மறைக்க முடியாது. வாயைத் திறந்தேன்.

"தருமா, ஜீப்பு..."

"நான் பாறைக்கிப் போயி ஆம்புலன்ஸக் கூப்புட்டுட்டு, அப்படியே தார் ரோட்டுக்கு எறங்கிர்றன் சிஸ்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டான். அவன் ஜீப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

திரும்பினால் வாசலில் பல்லக்கு. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்து, தார்ப்பாய் கட்டித் தயாராக இருந்தது. இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க முதுகுக்கு ஒரு தலையணைகூட வைத்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆட்டுக்கல், மூட்டை, தார்ப்பாய், சும்மா கேட்ட கேள்வி எல்லாம். எத்தனை மண்டு நான்!

"அண்ணாச்சி, இது சாமிப் பல்லக்கு. பொம்பளைங்க தொடவே கூடாதுன்னு சொல்வீங்களே" என்றேன்.

"சாமிக்குக் காலு இருக்குது. அது நடந்துக்கும். நீங்க இவளப் புடிங்க" என்றார் சடையன்.

தூக்கினார்கள். முன்னால் சடையனும் இன்னொருவரும், பின்னால் இரண்டு பேர். பின்னாலேயே குப்பாயி. கடைசியில் நான். கொஞ்ச தூரம் நடந்தேன், அப்புறம் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே வந்தேன். வலது பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் பார்க்காமல் வெள்ளச்சியின் கால் பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். அது அசைகிறதா, அசைகிறதா என்று. வேறு எதையும் நினைக்கத் தெரியவில்லை.

அடுத்த ஊரான மேல்காட்டின் எல்லை வந்தது. அங்கே ஊரே திரண்டு குடத்தோடு நின்றது. பல்லக்கு நின்றுவிட்டது. பெண்கள் குனிந்து தூக்கியவர்களின் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார்கள்! திருவிழாவில் செய்கிற அதே சடங்கு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உயிர் போவுது, உங்களுக்குக் கால் கழுவணுமா?" என்று கத்தினேன்.

யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை. கழுவின காலிலிருந்து சேறும் அட்டையும் ரத்தமும் வழிந்தன. மேல்காட்டு ஆட்கள் நாலு பேர் வந்து கொம்புக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். தோளிலிருந்து தோளுக்குக் கொம்பு மாறியது, வெள்ளச்சி அசையக்கூட இல்லை. அவரவர் ஊர் எல்லைக்குள் அவரவர்தான் தூக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். புது ஆட்கள் நடந்த வேகத்தில் நான் பின்தங்கிப் போனேன். கத்தியதற்கு வெட்கப்படக்கூட நேரமில்லை.

அடுத்தது கொட்டாம்பாறை. மேல்காட்டுக்குச் சடையன் முன்னமே சொல்லி வைத்திருந்தார். கொட்டாம்பாறைக்குச் சொல்ல முடியவில்லை, மண்சரிவில் குறுக்குப்பாதை போய்விட்டது. அவர்கள் கண்டது இதுதான். வைகாசியில் வர வேண்டிய பல்லக்கு, ஐப்பசி மழையில், சொல்லாமல் கொள்ளாமல் மலையிறங்கி வருகிறது. ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடி வந்து பாதையை அடைத்து விழுந்து கும்பிட்டார்கள். பெரியவர்கள் அழுதார்கள்.

அந்த இடத்தில் வெள்ளச்சிக்கு வலிப்பு வந்தது.

பல்லக்கு முழுக்க ஆடியது. தார்ப்பாய் விலகியது. கண் செருகி, பல்லைக் கடித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கூட்டத்தில் யாரோ, "ஆத்தா எறங்கிட்டா!" என்று கூவினார்கள். அவ்வளவுதான். குலவைச் சத்தம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "என்ன கொற வெச்சோம் ஆத்தா, வாயத் தொறந்து சொல்லு" என்று பல்லக்கை நெருக்கினார்கள். குறி கேட்கிறார்கள். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், குறி கேட்கிறார்கள்!

"கீழ வைங்க! கீழ வைங்க!" என்று அலறினேன். வைக்கவில்லை. தூக்கிய நாலு பேரும் கொம்பைத் தோளில் வைத்தபடியே சேற்றில் மண்டியிட்டார்கள். எனக்குக் கை எட்டியது. அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து நுரையைத் துடைத்தேன். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. சுற்றிலும் மனிதச் சுவர், ஒரு அடி நகர முடியாது. இது வலிப்பு, நோய் என்று நான் கத்திய எதுவும் அந்தக் குலவையில் யார் காதிலும் விழவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது குப்பாயி பல்லக்கின் முன்னால் போய் நின்றாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"ஆமாடா, ஆத்தாதான்! கீழ போவணுங்குறா! பொழுது சாயறதுக்குள்ள தார் ரோட்டுல கொண்டு போயி விடணுங்குறா! கீழ வெச்சீங்கன்னா ஊரு அழியும்! தூக்குங்கடா!"

கூட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. அடுத்த நொடி கொட்டாம்பாறை ஆட்கள் எட்டு பேர் கொம்புக்கு அடியில் இருந்தார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். முன்னால் இன்னும் சிலர் அரிவாளோடு முள்ளை வெட்டிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளச்சிக்கு மூச்சு திரும்பியதை நான் ஓடிக்கொண்டேதான் பார்த்தேன். பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது கேட்டால் தெரியாது.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸோடு தருமன் நின்றான். ஸ்ட்ரெச்சரில் மாற்றிய பிறகுதான் பல்லக்கு தரையைத் தொட்டது.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண். ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வெள்ளச்சி இன்னும் கண் திறக்கவில்லை. இன்னும் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 26. விடியல்

இன்னும் திறக்கவில்லை.

அக்டோபர் 26. மாலை

திறந்துவிட்டாள்! திறந்துவிட்டாள்!

குரலே வரவில்லை, காதை வைத்துக் கேட்டேன். "முன்சீட்டுலயா ஒக்கார வெச்ச?" என்கிறாள். அழுதுகொண்டே சிரித்தேன். நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். நானும் நர்ஸ்தான் என்று சொல்லவில்லை.

வராந்தாவில் குப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். "குப்பாயிம்மா, ஜீப்பு இனிமே வராது. முன்னமே தெரியும். பொய் சொன்னேன்" என்றேன்.

"எங்களுக்குந்தான் தெரியும்" என்றாள் அவள்.

"எப்படி?"

"கடேசியா வந்தன்னிக்கி நசீர் பாயி சொல்லிப்புட்டு அழுதாரு. அன்னிக்கே சடையங்கிட்டப் பேசிட்டம்."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

குப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "ஜீப்பு இல்லேன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா நீ மொகத்துல முழிக்க முடியாம ஓடிருவியோன்னு பயந்தம். பைய வேற கட்டி வெச்சிருந்த."

இவர்களுக்குப் பயந்து நானும், நான் போய்விடுவேன் என்று பயந்து இவர்களும், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்திருக்கிறோம். வெள்ளச்சியின் உயிரை வைத்துக்கொண்டு. நான் அன்றே சொல்லியிருந்தால் மழைக்கு முன்னால் நடத்தியே கூட்டி வந்திருக்கலாம்.

கொட்டாம்பாறைக்காரர்கள் பழத்தோடு வந்திருந்தார்கள். வந்தது ஆத்தா இல்லை, வலிப்பு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கோபிப்பார்கள் என்று குப்பாயி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் 30

பிரபாகர் சார் போன். போட்டோ என்னாயிற்று என்றார். சேற்றில் மண்டியிட்ட நாலு பேரை யாராவது எடுத்திருந்தால் அனுப்பியிருப்பேன் என்றேன். புரியவில்லை அவருக்கு. இரண்டு பக்கத்துக்குமான ஊசி மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். தினமும் கேட்பேன் என்றேன்.

அண்ணன் போன். லைன் சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 6, வியாழன். நெல்லிமேடு

நடந்தே ஏறி வந்தேன். துணிப்பையை அவிழ்த்தேன். உள்ளே எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. துவைத்துப் போட்டேன்.

செக்கப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஜீப் கிடையாது என்று எல்லாரிடமும் சொன்னேன். தெரியுமே என்றார்கள். மேல்காட்டில் ஒருத்திக்கு அடுத்த மாதம் தேதி. அவளை முன்னாலேயே கீழே கொண்டுபோய்த் தங்க வைக்க வேண்டும்.

சாயங்காலம் சடையன் ஆட்களோடு வந்தார். பல்லக்கைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தது.

"சிஸ்டரு, நீங்க ஏறிப் படுங்க."

"நானா? ஆட்டுக்கல் எங்கே?"

"ஆட்டுக்கல்லு பேசாதுங்க. எந்த எடத்துல குலுங்குது, எங்க தூக்கிப் போடுதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

மாட்டேன் என்றேன். எனக்கு மேடு பள்ளமே ஆகாது என்றேன். தலை சுற்றும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கம்பளியை விரித்தார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். தூக்கினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வழுக்குப் பாறையில் யாருக்கோ கால் சறுக்கியது, பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. "வெச்சிருங்க, கீழ வெச்சிருங்க!" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

யாரும் வைக்கவில்லை.